கருவிக்கு முன் கோப்பு

பயணத்தில் படிக்க மின்வாசிப்பான் வாங்கலாமா, டேப்லெட் வாங்கலாமா என்று கேட்டால் கடைக்காரர், நண்பர், யூடியூப் விமர்சகர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். படிக்க மட்டும் என்றால் மின்வாசிப்பான், சினிமாவும் பார்க்க வேண்டும் என்றால் டேப்லெட். பதிலில் பிழை இல்லை, ஆனால் அது ஆங்கில வாசகரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அவர் தேடும் புத்தகம் எதுவானாலும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும் ஒரு கோப்பாக அது எங்கேனும் விற்பனைக்கு இருக்கும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு அந்த நம்பிக்கை பாதி தூரம்தான் வரும். அவருக்குக் கிடைக்கும் நூல்களில் ஒரு பங்கு எழுத்தாக இருக்கிறது; ஒரு பங்கு, பக்கத்தைப் படம் பிடித்த நிலையில் இருக்கிறது; இன்னொரு பங்கு ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கிறது. ஆகவே அவர் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு வேண்டிய நூல்கள் எந்த வகைக் கோப்புகளாக இருக்கின்றன, அவற்றில் எவை ஓடும் வண்டியில் படிக்கத் தோதானவை? இதற்கு விடை கண்டவருக்குக் கருவியைத் தேர்வது பெரிய வேலையாக இராது. இதைக் கேட்காமல் வாங்கியவரின் கருவி, எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், ஆறு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

பயணத்தையும் பொத்தாம்பொதுவாகப் பேசிப் பயனில்லை. மாங்காட்டை எடுத்துக்கொள்வோம். காமாட்சி அம்மன் கோயிலால் அறியப்பட்ட இந்த ஊர் 2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. ஆவணப்படி காஞ்சிபுரம் மாவட்டம், அன்றாடப்படி சென்னை. ஊருக்கென்று ரயில் நிலையம் இல்லை. புறநகர் ரயில் வேண்டுமென்றால் வடக்கே ஆவடி, அம்பத்தூர் பக்கம் போக வேண்டும், அல்லது கிழக்கே கிண்டிக்கு. எனவே இங்கிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்து, ஷேர் ஆட்டோ, கம்பெனி பஸ் ஆகியவைதான் வழி. கிண்டிக்கும் கோயம்பேட்டுக்கும் ஒரு கூட்டம், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஒரு கூட்டம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு இன்னொரு கூட்டம். பலருக்குக் குமணன்சாவடியிலோ பூந்தமல்லியிலோ போரூரிலோ வண்டி மாற வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட பயணத்தில் வாசிப்பு துண்டு துண்டாகத்தான் நடக்கும். உட்கார இடம் கிடைத்தால் அரை மணி நேரம், நின்றால் ஒரு கை கம்பியில், மறு கை மட்டும் புத்தகத்துக்கு. சிக்னலில் நிற்கும்போது நாலு வரி, வண்டி குலுங்கும்போது அதே நாலு வரி மறுபடியும்.

மேற்குப் புறநகர்க்காரருக்கு வெயிலும் ஒரு பிரச்சினை. அவர் காலையில் நகரை நோக்கிப் போகையில் சூரியன் எதிரே இருக்கிறது, மாலையில் வீடு திரும்புகையிலும் எதிரேதான் இருக்கிறது. முன்னோக்கி உட்கார்ந்து கருவியைப் பிடித்தால் வெளிச்சம் அதன் முதுகில் விழும், திரையின் முகம் நிழலில் இருக்கும், முன்கண்ணாடி வழியே வரும் ஒளிக்குக் கண் பழகிவிட்டதால் எந்தத் திரையும் மங்கலாகவே தோன்றும். சாலை வளைந்தால் நிலைமை மாறி, ஜன்னல் வெயில் நேராகத் திரையில் அடிக்கும். டேப்லெட் முதல் நிலைமையைச் சமாளிக்கும், ஒளியைக் கூட்டினால் போதும். இரண்டாவதில் தோற்றுவிடும், 500 நிட் ஒளிர்வுள்ள ஐபேட் திரையில்கூட நேர் வெயிலில் எழுத்தைவிடப் படிப்பவரின் முகம்தான் நன்றாகத் தெரிகிறது. மின்வாசிப்பானில் உள்ள மின்மைத் திரையின் இயல்பு இதற்கு எதிர். அது தானாக ஒளிர்வதில்லை. நுண்ணிய குமிழ்களுக்குள் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கருப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது கீழே போகிறது. பக்கம் ஒருமுறை அமைந்துவிட்டால் அதை அப்படியே வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் மின்கலம் வாரக்கணக்கில் தாங்குகிறது, வெயில் ஏற ஏற எழுத்தும் தெளிவாகிறது. ஆனால் முன்விளக்கு இல்லாத மின்மைத் திரை, எதிர்வெயிலின் நிழலில் சாம்பல் பூத்துவிடும். இன்று புதிதாக விற்கப்படும் பெரும்பாலான கருவிகளில் முன்விளக்கு இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய கருவி தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

எடையும் மின்வாசிப்பான் பக்கமே சாய்கிறது. ஆறு அங்குலக் கிண்டில் 158 கிராம், 2022-இல் வந்த 10.9 அங்குல ஐபேட் 477 கிராம். மேசைமேல் இந்த வித்தியாசம் தெரியாது, நின்றுகொண்டு ஒரு கையில் பிடிக்கும்போது நன்றாகவே தெரியும். 1997-இல் எம்ஐடி ஆய்வுக்கூடத்திலிருந்து கிளைத்த ஈ இங்க் நிறுவனத்தின் நுட்பம், 2004-இல் சோனியின் லிப்ரியே வழியாக ஜப்பானில் வாசகர் கைக்கு வந்து, 2007 நவம்பரில் கிண்டிலாக வெளிவந்து சந்தையைப் பிடித்ததற்கு இந்த எளிமைகளே காரணம். இதுவரை சொன்னதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் வழக்கமான பதிலே வந்து நிற்கும்: பேருந்துக்கு மின்வாசிப்பான். தமிழ் வாசகரின் சிக்கல் அந்தத் திரையில் எந்தத் தமிழ் நூலைக் கொண்டுவருவது என்பதில் தொடங்குகிறது.

எழுத்தாகக் கிடைக்கும் நூல்களை முதலில் பார்ப்போம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரத்தின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு சங்க இலக்கியம் முதல் நவீன இலக்கியம் வரை தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வழங்கியது. 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், எழுத்தாளர்களின் அனுமதியோடு நூல்களை நேரடியாக, வரிகள் தாமாக மடங்கும் இபப் வடிவிலேயே தருகிறது. ஜெயமோகனின் வெண்முரசு 2014 ஜனவரியிலிருந்து 2020 ஜூலை வரை நாளும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்து 26 நாவல்களாக முடிந்தது. அச்சில் அதன் ஒரு தொகுதியைத் தூக்கிக்கொண்டு போரூரில் வண்டி மாறிப் பார்த்தவர்களுக்கு மின்வாசிப்பானின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்தது, கடை வழியாக வருபவை. 2016 டிசம்பரில் இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு தமிழையும் அமேசான் கிண்டிலில் சேர்த்தது. அதன்பின் பதிப்பகங்களின் புது நூல்களும், எழுத்தாளர்கள் தாமே வெளியிட்டவையும் அங்கே பெருகின. மீதமிருப்பவை படங்கள். 2001-இல் நிறுவப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் அமைப்பின் மின்னூலகம், 2005-இல் இலங்கைத் தமிழர் தொடங்கிய நூலகம் திட்டம், ஆர்க்கைவ் தளம் ஆகியவற்றில் உள்ள பழைய பதிப்புகளும் இதழ்களும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்களே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டதை அறிந்த ஒரு சமூகம், எழுத்தாக மாற்றும் வரை காத்திராமல் கிடைத்த பக்கத்தை உடனே படம் பிடித்து வைத்தது முற்றிலும் நியாயம். ஆனால் காப்பதற்கு உகந்த வடிவம் கையில் பிடித்துப் படிப்பதற்கும் உகந்ததாக இருக்க வேண்டும் என்றில்லை.

அளந்தே பார்த்துவிடலாம். ஆறு அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 9 செ.மீ.க்கு 12 செ.மீ. நம் பதிப்பாளர்கள் வழக்கமாக அச்சிடும் டெம்மி 1/8 பக்கம் 14 செ.மீ.க்கு 21.5 செ.மீ. ஸ்கேன் செய்த டெம்மி பக்கம் அந்தத் திரையில் முழுதாக அடங்க வேண்டுமானால் பாதியைவிடச் சற்றே பெரிய அளவுக்குச் சுருங்க வேண்டும். பதினொரு புள்ளி எழுத்து ஆறு புள்ளியாகிவிடும். ஓரத்து வெற்றிடங்களை வெட்டினால் கொஞ்சம் மீட்கலாம், அதற்கு மேல் முடியாது. கிரவுன் 1/8 அளவிலான பழைய நாவல் என்றால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். கண் நன்றாக இருப்பவர் உட்கார்ந்த இடத்தில் சமாளிப்பார், குலுங்கும் வண்டியில் முடியாது. 10.9 அங்குல ஐபேட்டிலோ டெம்மி பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமல் அடங்குகிறது. ஆகப் பேருந்து ஒரு கருவியைக் கேட்கிறது, ஆவணக் காப்பகம் வேறொரு கருவியைக் கேட்கிறது. ஆங்கில வாசகருக்கு அவ்வளவாக நேராத இந்த இழுபறிதான் தமிழ் வாசகரின் உண்மையான பிரச்சினை.

மாங்காட்டுக்குப் பக்கத்து ஊரான குன்றத்தூரில் பிறந்த சேக்கிழாரையே சோதனைக்கு எடுத்துக்கொண்டால் இந்த இழுபறி துலக்கமாகும். பெரியபுராணத்தின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுத்துக் கோப்பாக மதுரைத் திட்டத்தில் இருக்கின்றன. எந்தக் கருவியிலும் அவை ஏறும். ஆனால் நூலின் பெரும்பகுதி விருத்தம். சீர்கள் நீண்டு ஓடும் அடி, ஆறு அங்குலத் திரையில் நடுவே மடிந்து, கடைசி ஒன்றிரண்டு சீர்கள் அடுத்த வரியில் தனியாகத் தொங்கும். நான்கு அடிப் பாடல் எட்டு வரியாகிவிட்டால் எதுகை எங்கே வருகிறது என்று கண் தேட வேண்டியிருக்கும், ஓசை அறுந்துபோகும். திரையைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அடி நேராகும். அப்போது ஒரு திரைக்கு இரண்டு பாடல் அகப்பட்டால் அதிகம், ஆனால் விருத்தத்தை ஓசையோடு படிப்பவருக்கு அந்த அளவே போதும். சரி, பாடலுக்கு உரை வேண்டும் என்றால்? சி. கே. சுப்பிரமணிய முதலியாரின் ஏழு தொகுதிப் பேருரையின் பழம்பதிப்பு ஸ்கேன் பக்கமாகக் கிடைத்தால் அதில் பாடல் பெரிய எழுத்தில், குறிப்புரை பொடி எழுத்தில் இருக்கும். சிறு திரையில் பாடலைப் படிக்கலாம், எதற்காக அந்தத் தொகுதியைத் திறந்தோமோ அந்த உரையைப் படிக்க முடியாது. ஒரே நூல், ஒரே வாசகர். மூலத்துக்கு ஒரு கருவி, உரைக்கு வேறு கருவி. செய்யுள் படிக்காத வாசகருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பழைய சிறுபத்திரிகைகளின் தொகுப்பைத் தேடுபவரும் ஈழத்து நூல்களைத் தேடுபவரும் இதே இடத்தில்தான் வந்து முட்டுவார்கள்.

எழுத்துக் கோப்பிலும் தமிழுக்கென்று சில தேவைகள் உண்டு. தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்கின்றன. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சிறு திரையில் வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் நிற்கும். இரு ஓரமும் சமமாக இருக்கும்படி கருவி வரியை இழுக்கும்போது சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யும் அமைப்பு இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் வந்து அமர வேண்டிய ‘கொ’, ‘போ’ போன்ற எழுத்துகளைக் கருவியின் மென்பொருள் சரியாகக் கோக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று தலைகாட்டும். வாசகர் தமக்குப் பிடித்த எழுத்துருவைத் தாமே ஏற்றிக்கொள்ளும் வசதியும் முக்கியம். கருவியோடு வரும் தமிழ் எழுத்துரு பெரும்பாலும் ஒன்றுதான், அது எல்லார் கண்ணுக்கும் ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. இத்தனையும் பார்த்தால் ஆறு அங்குலத்தைவிட ஏழு அங்குலம் தமிழுக்குப் பொருத்தம். எடை கொஞ்சம் கூடும், வரிக்கு ஒரு சொல் கூடுதலாகக் கிடைக்கும்.

அப்படியானால் பத்து அங்குல டேப்லெட் ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவிடாதா என்று கேட்கலாம். எழுத்துக் கோப்பு, ஸ்கேன் பக்கம், வண்ணப் படம், கடையின் செயலி எல்லாம் அதில் திறக்கும். வலுவான வாதம்தான். ஆனால் ஸ்கேன் பக்கத்தை எதற்காகத் திறக்கிறோம் என்று யோசித்தால் அதன் வலு குறைகிறது. பேருரையையோ 1950-களின் இதழையோ படங்களாகப் படிப்பவர் பெரும்பாலும் குறிப்பெடுக்கிறார், ஒப்பிடுகிறார், முன்னும் பின்னும் புரட்டுகிறார். அது மேசை வேலை. அதற்குப் பெரிய திரை வேண்டும் என்பது உண்மை, அந்தத் திரை வீட்டுக் கணினியாகவே இருக்கலாம். பேருந்தில் நடப்பது ஒரே திசையில் ஓடும் வாசிப்பு: நாவல், சிறுகதை, கட்டுரை, பாடல். அதற்கு எழுத்துக் கோப்பு போதும். பயணத்திலேயே ஒரு பழைய நாவலைப் படமாகப் படித்தாக வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. கேடூபிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் பக்கத்தின் படத்தைச் சொல் சொல்லாக நறுக்கிச் சிறு திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தருகிறது. அது எழுத்தை அடையாளம் காண முயல்வதில்லை, வெற்றிடங்களை மட்டுமே பார்க்கிறது, ஆகவே எந்த மொழிக்கும் வேலை செய்யும். கோரீடர் என்ற திறந்த மென்பொருளிலும் இந்த வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. தென்மாவட்டங்களுக்கு இரவு வண்டியில் போகிறவர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். ஒளிரும் திரையில் படுக்கும் வரை படித்தவர்களுக்கு உறக்கம் தள்ளிப்போவதாக 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. அது 12 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதன் மேல் பெரிய முடிவைக் கட்ட முடியாது. ஆனாலும் விடிந்ததும் இறங்கி வேலைக்குப் போக வேண்டியவருக்கு அது எச்சரிக்கையாகும்.

கையில் இருக்கும் செல்பேசி போதாதா என்ற வாதம் இதைவிட வலுவானது, ஏனென்றால் நடைமுறை ஏற்கெனவே அதன் பக்கம் இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு அந்தப் பேருந்துகளில் ஏறுகிறவர்கள் கையில் வாசிப்பு என்று ஒன்று இருக்குமானால், அது பெரும்பாலும் செல்பேசியில் ஓடும் தொடர்கதைதான். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகள் தமிழில் ஊன்றியதற்குக் காரணம் அவை பேருந்து நேரத்துக்குப் பொருந்தும் அளவில் அத்தியாயங்களைத் தந்தது. அதைக் குறைவாகப் பேச வேண்டியதில்லை. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ஓர் அத்தியாயம் முடிவது ஒரு கலை. ஆனால் செல்பேசிக்கேற்ற வாசிப்பு செல்பேசிக்கேற்ற எழுத்தையே நாடுகிறது. நீண்ட வாக்கியமும், மெல்ல நகரும் பத்தியும், நாற்பது பக்கத்துக்கு முன் வந்த பெயரை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கும் நாவலும் அந்தத் திரையில் தள்ளாடுகின்றன. வாட்ஸப் செய்தியும் வங்கிக் குறுஞ்செய்தியும் வந்து விழும் அதே இடத்தில் படிப்பவரின் கவனத்துக்குக் காவல் கிடையாது. வேறு எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாத கருவி என்பதே மின்வாசிப்பானின் பெரிய தகுதி. செல்பேசியில் முழு நாவல்களைப் படித்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் ஆலோசனை தேவையில்லை.

அச்சுப் புத்தகமே மேல் என்பவர்களுக்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை, டெல்காடோவும் குழுவினரும் 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது அச்சில் படித்தவர்களின் புரிதல் சற்று மேலாக இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் தகவல் நூல்களிலும், நேர நெருக்கடியில் படித்தபோதும் தெரிந்தது. கதைகளை மட்டும் படித்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2019-இல் நார்வேயின் ஆன் மாங்கென் குழுவினர் 50 பேருக்கு 28 பக்கக் கதை ஒன்றைப் பாதிப் பேருக்குக் கிண்டிலிலும் பாதிப் பேருக்கு அச்சிலும் கொடுத்தார்கள். புரிதல் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது. நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். புரட்டிய பக்கங்களின் கனம் இடக்கையில் ஏறுவதைக் கிண்டில் உணர்த்துவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். இவற்றிலிருந்து ஒரு வேலைப் பிரிவினை கிடைக்கிறது. பாடநூல், தத்துவம், வரலாறு வீட்டில், அச்சில். கதையும் பாடலும் பயணத்தில், திரையில். பயணத்தில் அச்சு நூலுக்குப் போட்டி திரை என்று நினைப்பதும் பாதிதான் சரி. அறுநூறு பக்க நாவலைப் பையில் போடத் தயங்கி வெறுங்கையோடு கிளம்புவதே பெரும்பாலும் நடக்கிறது.

இனிப் பூட்டு. புதிய தமிழ் நூல்களை மின்வடிவில் வாங்க வேண்டுமானால் கிண்டில் கடையைத் தவிர்ப்பது கடினம். ஆகவே கிண்டிலே வாங்கிவிடலாம், திறந்த கோப்பு என்பதெல்லாம் கொள்கைக்காரர் பேச்சு என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கடையை நம்பிய நூலகத்துக்கு என்ன நேரும் என்பதற்கு நடந்த நிகழ்ச்சிகளே சாட்சி. 2009 ஜூலையில் உரிமைச் சிக்கல் என்று சொல்லி ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் நூல்கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் திறக்காமல் போயின, பணம் மட்டும் திரும்பி வந்தது. 2023-இல் சீனாவில் கிண்டில் கடை மூடப்பட்டது. அவ்வளவு பெரிய சந்தையையே விட்டுவிட்டுப் போக முடியும் என்றால் தமிழ் எந்த மூலைக்கு? வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியும் 2025 பிப்ரவரி 26-இல் நிறுத்தப்பட்டது. நியாயமாகச் சொன்னால் கிண்டில் முழுப் பூட்டு அல்ல. 2022 முதல் வாசகர் தம்மிடம் உள்ள இபப் கோப்புகளை அதற்கு அனுப்பிப் படிக்க முடிகிறது. உள்ளே கொண்டுவர வழி இருக்கிறது, பூட்டிய நூலை வெளியே கொண்டுபோகத்தான் வழி இல்லை. அந்தப் பூட்டும் கட்டாயமானது அல்ல. அமேசானில் தாமே வெளியிடும் எழுத்தாளர் பூட்டு வேண்டாம் என்று தேர்ந்துகொள்ளலாம். பூட்டு எதைத் தடுக்கிறது என்று நம் பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் கேட்டுப் பார்க்க வேண்டும். நூலைத் திருட்டுத்தனமாகப் பரப்புகிறவர் அதை எப்படியும் உடைத்துவிடுகிறார், காசு கொடுத்தவர்தான் அதற்குள் அடைபடுகிறார்.

திறந்த கோப்பின் ஆயுளுக்கு மதுரைத் திட்டமே சாட்சி. அதன் தொடக்க காலக் கோப்புகள் மயிலை போன்ற எழுத்துருக்களுக்கான தனிக் குறியீட்டில் இருந்தன, பிறகு திஸ்கி என்ற பொதுக் குறியீட்டுக்கு மாறின, பிறகு ஒருங்குறிக்கு வந்தன. இடையில் எத்தனையோ கணினிகளும் இயங்குதளங்களும் செத்துப் போயின. யாருடைய அனுமதியும் கேட்காமல் மாற்ற முடிந்ததால் நூல்கள் பிழைத்தன. பூட்டிய கோப்புக்கு இந்த வாழ்வு கிடையாது. விலைக் கணக்கும் இதே முடிவைத்தான் தருகிறது. 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த புதிய கிண்டில் பேப்பர்வைட்டின் அறிவிப்பு விலை 16,999 ரூபாய். முந்நூறு ரூபாய் விலையுள்ள அச்சு நாவல்கள் ஐம்பத்தாறு அந்தப் பணத்துக்கு வந்துவிடும். அச்சு நூலுக்குச் சரக்கு, சேவை வரி இல்லை. அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு 2018 ஜூலையில் வரியைக் குறைத்தபோதும் 5 சதவீதத்தில்தான் நிறுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கும் நூல்களை மட்டுமே நம்பினால் இந்தக் கருவி தன் விலையை ஈட்ட நெடுநாள் ஆகும். மதுரைத் திட்டமும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸும் விக்கிமூலமும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது.

ஆகவே மாங்காட்டிலிருந்து தினமும் கிளம்பும் வாசகருக்கு என் பரிந்துரை இது: முன்விளக்கு உள்ள ஏழு அங்குல மின்வாசிப்பான், இபப் கோப்பையும் வாசகரின் எழுத்துருவையும் ஏற்பது, முடிந்தால் ஓரத்தில் பக்கம் திருப்பும் பொத்தான் உள்ளது. 2024-இல் ஓயசிஸ் என்ற கிண்டில் வகை நிறுத்தப்பட்ட பிறகு பொத்தானுள்ள கிண்டில் கிடையாது. பொத்தான் வைத்த கோபோ, பாக்கெட்புக் கருவிகள் இந்தியக் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை, வெளிநாட்டு உறவினர் யாராவது கொண்டுவர வேண்டியிருக்கும். பழுது பார்ப்பதையும் எண்ணினால் பலர் கிண்டிலோடு நின்றுவிடுவார்கள், அதிலும் தவறில்லை. திறந்த கோப்புகளின் மூலப் பிரதியை மட்டும் தம் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்ண மின்மைத் திரைக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. இன்று பரவலாக உள்ள கலைடோ வகையில் கருப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கிடைக்கிறது, வண்ணத்துக்கு 150 மட்டுமே, திரையும் சற்று இருள்கிறது. வாங்குமுன் நண்பர் ஒருவரின் கருவியில் மூன்று கோப்புகளைத் திறந்து பார்ப்பது நல்லது: ஒரு நாவலின் இபப், விருத்தப் பாடல்கள் சில பக்கம், ஒரு பழைய நூலின் ஸ்கேன். முதல் இரண்டும் வசதியாகப் படிக்க வந்தால் பேருந்துக்கு அது போதும். மூன்றாவதுதான் தம் வாசிப்பில் பெரும்பங்கு என்று தெரிந்தால், அவர் டேப்லெட் வாங்க வேண்டியவர், படிப்பதற்குப் பேருந்தைவிட வேறு இடம் தேட வேண்டியவர். பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான 26 கிலோமீட்டர் மெட்ரோ வழித்தடம் முழுதாக ஓடும்போது குலுக்கலும் வெயிலும் குறையும், அவர் பாடு எளிதாகும். திரைக்குள் அடங்காத பக்கத்தை மெட்ரோவும் அடக்கித் தர முடியாது.

அதைச் செய்யக்கூடியவர்கள் வாசகர்கள்தான். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களின் ஸ்கேன்கள் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டு, எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக மாற்றப்பட்டிருக்கின்றன. மென்பொருள் தரும் எழுத்தில் பிழைகள் உண்டு. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் வரும் பழைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்கள் அதைத் தடுமாற வைக்கின்றன. ஆகவே மனிதக் கண் வேண்டும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் அங்கே சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. நூலை அங்கிருந்தே இபப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும், பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். கருவி நிறுவனங்கள் ஆண்டுதோறும் திரையைக் கொஞ்சம் கூர்மையாக்கும், எடையைக் கொஞ்சம் குறைக்கும். ஸ்கேனில் கிடக்கும் ஒரு தமிழ் நாவலை அவற்றில் எதுவும் பேருந்துக்குக் கொண்டுவராது. சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் ஒவ்வொரு பக்கமும் கிண்டிலிலும் கோபோவிலும் ஐயாயிரம் ரூபாய்ச் செல்பேசியிலும் ஒரே மாதிரி திறக்கும். பதினேழாயிரம் கொடுத்துக் கருவி வாங்கத் தயாராக இருக்கும் வாசகர் மாதத்தில் சில மாலைகளையும் மெய்ப்புக்குக் கொடுத்தால், தமக்கு மட்டுமல்லாமல் எல்லார் கருவிக்கும் சேர்த்துப் புத்தகம் வாங்கியவர் ஆகிறார்.